ஷா பிரதர்ஸ் குங்ஃபூ படம்: கேசட்டா, ப்ளூ-ரேயா?

1970களில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த குங்ஃபூ படங்களில் பெரும்பாலானவை ஷாஸ்கோப் அகலத்திரைப் படங்கள், உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம். பழைய டிவிக்கோ 1.33 மடங்குதான். திரையை நிரப்ப இரு பக்கமும் வெட்டிய வீடியோ கேசட்டில் சுமார் 43 சதவீதப் படம் காணாமல் போனது. இடது ஓரத்தில் ஒருவர் ஈட்டியைப் பாய்ச்சுவார். தடுப்பவர் இருக்கவேண்டிய வலது ஓரத்தில் ஈட்டி முனை மட்டும் எட்டிப் பார்க்கும். இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை வைத்தே சண்டையை அமைத்திருக்கிறார்கள் என்பதால் இது சின்ன இழப்பல்ல.

ப்ளூ-ரேயில் முழு அகலமும் உண்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு. அதை நீக்க ரிமோட்டில் ஜூம் போட்டால் மறுபடி கேசட் கதைதான். டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள்; நொடிக்கு 24 பிரேம் படத்தில் அது இல்லாத பிரேம்களை நுழைத்து, வேகமான கையசைவைக் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

ஒலியில் மட்டும் கேசட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மீட்டெடுத்த சில டிவிடிகளில் 5.1 ஒலிக்காக (பல ஸ்பீக்கர்களில் சுற்றிலும் கேட்கும் ஒலி) அடி விழும் சத்தத்தையே மாற்றிவிட்டார்கள். டிஸ்க்கில் மாண்டரின் மோனோ, அதாவது ஒற்றைத் தடத்தில் வரும் சீன மொழி ஒலி, இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கேசட்டை வைத்திருப்பவர்கள் டெக்கில் போடுமுன் கண்ணாடி வழியாக டேப் சுருளைப் பாருங்கள்: வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும்.