நம்பர் விழுவதற்கு முன்பே வண்டியைப் பாருங்கள்

ஆவணியில் கார் எடுக்க நாள் குறித்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

புக்கிங் போடும்போது "ரெண்டே வாரத்துல வண்டி வந்துரும் சார்" என்பார்கள். ரசீதில் அந்தத் தேதி இருக்காது. ஆறேழு வாரம் இழுத்தடித்துவிட்டு, மாதக் கடைசியில் போன் வரும்: "இன்னைக்கே முழுப் பணம் போட்டாத்தான் இந்த மாச ஆஃபர் கிடைக்கும்." அவர்களுக்கு டார்கெட் அவசரம். பணம் ஏறியதும் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், ஆர்டிஓ பதிவு எல்லாம் மளமளவென்று நடக்கும். வண்டியை நீங்கள் முதன்முதலாகப் பார்ப்பது டெலிவரி அன்றுதான். துணி போர்த்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் வெளியே எடுக்க வேண்டிய அவசரத்தில் யார் குனிந்து டயரைப் பார்ப்பார்கள்? வீட்டுக்கு வந்தபின் கதவில் பெயின்ட் வித்தியாசம் தெரியும். உங்கள் பெயரில் பதிவாகிவிட்ட வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். "சர்வீஸ்ல சரி பண்ணிடலாம்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆகவே, முழுப் பணம் கட்டுமுன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பொறித்திருக்கும் எண்) மெயிலில் வாங்குங்கள். அதே வண்டியை, அவர்கள் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டில், பகல் வெளிச்சத்தில், பாலிஷ் போடுவதற்கு முன் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்தும் பக்கத்துப் பக்கத்து வாரங்களாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் காரணம் கேளுங்கள். பானெட், கதவுக் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பாருங்கள். ஓரத்தில் பெயின்ட் தூசி ஒட்டியிருந்தால் மறுபடி பெயின்ட் அடித்த வண்டி. லாரியில் வந்த புது வண்டிக்கு ஓடோமீட்டர் 50 கி.மீ. தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. தயாரித்த மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் வரும்; அதன் நகலையும் கேளுங்கள்.

லோன் எடுப்பவர்களுக்குத் தாமதம் நேரடி நஷ்டம். வங்கி பணத்தை விடுவித்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 8 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் நாளுக்குச் சுமார் 197 ரூபாய்; 15 நாள் இழுத்தால் ஏறத்தாழ 2,960. வண்டியைப் பார்த்துத் திருப்தியான பிறகே பணத்தை விடுவிக்கச் சொல்லுங்கள்.

"வெளியில இன்சூரன்ஸ் போட்டா டெலிவரி லேட் ஆகும்" என்பது வெறும் மிரட்டல். எந்த நிறுவனத்திலும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐடிவியும் (இன்சூரன்ஸில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) ஆட்-ஆன்களும் (கூடுதல் கவர்கள்) ஒன்றாக இருக்கும்படி வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினால், அவர்கள் விலையும் பெரும்பாலும் இறங்கும். பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

"பிளேட் அடுத்த வாரம் வரும், இப்ப ஓட்டிட்டுப் போங்க" என்றால் எடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பின் தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை மாட்டித் தருவது அவர்கள் பொறுப்பு. டெலிவரிக்கு நாள் பார்ப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.