மூன்று கார், பதினெட்டடி ஷெட்: மண்டபம் உப்புக் காற்றில் ஒரு பார்க்கிங் லிப்ட்

அம்பாசடரின் அகலம் 1662 மி.மீ., ஸ்விஃப்ட் 1735, இன்னோவா கிரிஸ்டா 1830. மூன்றையும் கூட்டினால் 5227 மி.மீ., அதாவது பதினேழு அடிக்குக் கொஞ்சம் மேலே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் ஷெட்டின் உள் அகலம் பதினெட்டு அடி. கணக்குப்படி மூன்றும் உள்ளே நிற்கும். ஆனால் கதவைத் திறந்து ஆள் இறங்க முடியாது. பக்கவாட்டில் இழுத்துக் கட்டவும் வழியில்லை. ஒரு பக்கம் சாச்சா வீட்டுச் சுவர், மறுபக்கம் கிணறு.

அதனால் வாப்பாவின் அம்பாசடர் பல காலம் வெளியே கவர் போட்டு நின்றது. கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரியும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கவர் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்குள் புகுந்த மணல் பெயின்ட்டை அரக்கும். காற்று நின்ற பிறகு கவரைத் தூக்கினால் உள்ளே ஈரம் வேர்த்துக் கிடக்கும். வெயிலில் வெறுமனே நிற்கும் காரைவிட கவருக்குள் நிற்கும் கார்தான் இங்கே சீக்கிரம் கெடும். 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. கதவின் அடிப்பட்டை ஓட்டை விழுந்தால் மாற்றிப் போட நல்ல பாகம் தேடி அலைய வேண்டும். அந்த வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் லிப்ட் யோசனைக்கே காரணம்.

2019 கடைசியில் நான்கு தூண் லிப்ட் போட்டோம். மேலே அம்பாசடர், கீழே நான் தினமும் ஓட்டும் ஸ்விஃப்ட், பக்கத்தில் காக்காவின் (அண்ணனின்) இன்னோவா. இத்தனை வருட உபயோகத்தில் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். கடலோரத்தில் லிப்ட் வாங்குகிறவர் எத்தனை டன் தூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், இரும்புக்கு மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு விற்கும் லிப்ட் எதுவானாலும் நம் கார்களைத் தூக்கிவிடும். அம்பாசடர் ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கும் வண்டி. உப்பைத் தாங்குமா என்பதில்தான் ஒரு லிப்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் தெற்குப் பக்கத்துக் கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் வாடை வடக்கிலிருந்து ஆரம்பிக்கும். இரும்புக்கு லீவே கிடையாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருச் சோதனை நிலையத்தை நம் ஊரில் வைத்திருப்பது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அதற்கு பாலிசிலாக்சேன் பெயின்ட், கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அரசாங்கம் பாலத்துக்கு எடுத்த கவலையில் கொஞ்சமாவது வீட்டு ஷெட்டில் நிற்கும் இரும்புக்கும் வேண்டும்.

விலைப்பட்டியலில் சாதாரணமாக வருவது பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியைத் தூவிச் சுட்டு ஒட்டவைப்பது. பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. நாங்கள் கேட்டு வாங்கியது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த தூண்களும் கார் நிற்கும் தட்டுகளும். பூச்சின் தடிமனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீறல் விழும்போதுதான் விஷயமே வருகிறது. டயரில் ஒட்டிய மணல் தட்டைக் கீறாமல் இருக்காது. பவுடர் கோட்டிங்கில் கீறல் விழுந்த இடத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே நிறம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொருக்கு உதிரும். துத்தநாகம் அப்படி இல்லை. கீறல் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். எங்கள் தட்டுகளில் டயர் ஏறும் வாயருகே நிறைய கீறல் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கிறதே தவிர, செந்துரு இன்னும் பிடிக்கவில்லை. கீழக்கரையில் மச்சான் வீட்டில் ஏறக்குறைய அதே காலத்தில் போட்ட பவுடர் கோட்டிங் லிப்ட்டில் இரண்டு மழைக்காலம் போவதற்குள் போல்ட் தலைகளைச் சுற்றித் துரு ஆரம்பித்தது. முக்கி எடுத்தால் விலை ஏறும், டெலிவரியும் தள்ளிப் போகும். இரண்டும் பரவாயில்லை.

இரண்டு தூண் லிப்ட்டையும் பார்த்தோம். இடம் இன்னும் மிச்சமாகும். ஆனால் நாங்கள் பார்த்த மாடல்களில், ஏறிய தட்டு இறங்காமல் பிடித்திருக்கும் லாக்கை விடுவிக்க மின்காந்தம் வைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் செம்புச் சுருளும் ஒயர் முனையும் பச்சைக் களிம்பு பிடித்து, ஒருநாள் வண்டி மேலே மாட்டிக்கொள்ளும் என்ற பயம் எனக்கு இருந்தது. நாங்கள் வாங்கியதில் ஒரே கைப்பிடி, அதை இழுத்தால் நான்கு தூண் லாக்கும் சேர்ந்து விடுபடும். கரண்டும் வேண்டாம், கம்ப்ரஸரும் வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டு வைத்து காரைப் பக்கவாட்டில் தள்ளும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. நகரத்து வீடுகளில் வழுவழு டைல்ஸ் மேல் ஓடலாம். நம் ஷெட்டில் ஒரு பிடி மணல் போதும், உருளை சிக்கிக்கொள்ளும்.

உயரக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். ஸ்விஃப்ட் 1530 மி.மீ. உயரம், தட்டின் கனம் ஒரு 150, அம்பாசடர் 1593, மேலும் கீழும் நூறு நூறு விடுங்கள். பதினோரு அடிக்கு மேல் ஆகிவிடும். எப்போதாவது இன்னோவாவைக் கீழே விட வேண்டியிருந்தால் பன்னிரண்டே கால் அடி. எங்கள் பழைய கூரை ஒன்பதடி, அதைப் பிரித்துப் பதின்மூன்றடிக்கு ஏற்றினோம். லிப்ட் மட்டும் மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது. தரைக்கும் கூரைக்கும் அதில் பாதிக்கு மேலேயே ஆனது. லிப்ட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

கூரைக்குத் தகரம் போடவில்லை, அலுமினிய ஷீட்தான். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ. தென்மேற்குப் பக்கம் சுவரை முழுசாக எழுப்பி, கிழக்கில் மேலே ஜாலி (காற்றுப் போகும் துளைக் கற்கள்) வைத்தோம்.

தரை விஷயத்தில் கொத்தனாரோடு பெரிய வாக்குவாதமே நடந்தது. நான்கு தூணும் பாரத்தை நான்கு சின்னத் தட்டுகள் வழியாகத்தான் தரையில் இறக்கும். பழைய தரை மணல் மேல் போட்ட மெல்லிய சிமெண்ட். அதை உடைத்தெடுத்து எம் 30 என்கிற வலு கூடிய ரகக் கான்கிரீட் போட வேண்டும் என்று நான் நின்றேன். கம்பி கட்டிய கான்கிரீட் கடற்கரைக் காற்றுபடும் இடத்தில் இருந்தால் குறைந்தது எம் 30, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. அதைவிட முக்கியம், கலவையில் கடற்கரை மணலும் கிணற்று உப்புத் தண்ணீரும் சேரக் கூடாது. கொத்தனார் காலங்காலமாகக் கிணற்றுத் தண்ணீரில்தான் கலக்கிறோம் என்றார். லாரித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். செலவுதான், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி வீங்கி தரை பிளந்த பிறகு தூணைக் கழற்றி வேலை பார்க்க யாராலும் முடியாது. தூண் அடியில் தண்ணீர் தேங்காதபடி தட்டைச் சுற்றிச் சரிவும் கொடுத்தோம்.

இனி தினப்படி உபயோகம். பொத்தானை அழுத்தினால் ஏறும், ஒவ்வொரு படிக்கும் ‘டக்’ என்று நான்கு தூணிலும் லாக் விழும். உச்சிக்குப் போனதும் கொஞ்சம் இறக்கி லாக் மேல் உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் பாரம் இரும்பில் நிற்கும், ஆயிலிலும் கம்பி வடத்திலும் தொங்காது. சில பேர் ஏற்றியதோடு விட்டுவிட்டுப் போகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இறக்குவதற்கு முன்னால் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். எங்கள் தெருவில் ஆட்டுக்குட்டிகளுக்கு அந்த நிழல் ரொம்பப் பிடிக்கும். சாவியை வீட்டுக்குள் உயரத்தில் மாட்டியிருக்கிறோம், பிள்ளைகள் கைக்கு எட்டாது.

மேல் காரை எடுக்க வேண்டுமானால் கீழ்க் காரை முதலில் வெளியே எடுக்க வேண்டும். இது தொந்தரவுதான். தினமும் இரண்டு காரும் வேண்டும் என்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. எப்போதாவது எடுக்கும் வண்டி மேலே, தினமும் எடுப்பது கீழே என்றால் பழகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருதரம் அம்பாசடரை இறக்கிப் பாம்பன் பாலம் வரை ஓட்டிவருவோம், வாப்பா முன்சீட்டில். அவருக்கு அதில் கிடைக்கும் சந்தோஷமே எனக்குப் போதும். திரும்ப மேலே ஏற்றியதும் பேட்டரி முனையைக் கழற்றிவிடுவேன். ஹேண்ட் பிரேக் போட மாட்டேன், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும். பழைய வண்டி ஆயில் சொட்டும், அதனால் இரண்டு தட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தட்டு கட்டாயம். இல்லையென்றால் கீழே நிற்கும் காரின் பானெட்டில் கறை விழும்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. தரையிலிருந்து ஆறடி மேலே நிற்பதால் அம்பாசடரின் அடிப்பாகம் காய்ந்தே இருக்கிறது. மெக்கானிக் வந்தால் குனியாமல் நின்றபடியே சேஸிஸைத் தட்டிப் பார்க்கிறார். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண்டபமும் அன்று தப்பவில்லை. ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். ஸ்விஃப்ட்டையும் இன்னோவாவையும் மேட்டுப் பக்கம் ஓட்டிப்போய் நிறுத்தினோம். அம்பாசடரைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. மோட்டாரை நெஞ்சுயரத்தில் பொருத்தியதால் அதுவும் தப்பியது. கரண்ட் வர நேரமானது. லாக்கிலிருந்து விடுவிக்க வண்டியைக் கொஞ்சம் மேலே தூக்கியாக வேண்டும், 3 ஹெச்பி மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது. அதற்காகவே கைப்பம்பு உள்ள மாடலாகக் கேட்டு வாங்கியிருந்தோம். கைப்பம்பு இல்லாத லிப்ட்டைப் புயல் கரையில் வாங்க வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றி விற்பவர்கள் பொதுவாகச் சொல்லித்தருவது நம் ஊருக்குப் போதாது. கூரைக்கு அடியில் இருக்கும் இரும்பு மழையில் கழுவப்படாது. உப்பு படிந்துகொண்டே போகும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். ஆகவே வெளியே நிற்கும் இரும்பைவிட உள்ளே நிற்பதை அடிக்கடி துடைக்க வேண்டும். கூரை மழைத் தண்ணீரை டேங்கில் பிடித்து வைத்து, அதில் நனைத்த துணியால் வாரம் ஒருமுறை தூண்களையும் தட்டின் அடிப்பக்கத்தையும் துடைக்கிறேன். போர் தண்ணீரை மட்டும் தொட விடுவதில்லை.

கம்பி வடம்தான் உயிர். நான்கு மூலைக்கும் கப்பி வழியாகப் போய்ப் பாரத்தைத் தூக்குவது அது. மாதம் ஒருமுறை வண்டியை இறக்கிவிட்டு, வேஸ்ட் துணியால் வடத்தைச் சுற்றிப் பிடித்து நீளத்துக்கும் மெதுவாக உருவுவேன். இழை அறுந்திருந்தால் துணி அந்த இடத்தில் சிக்கும். வெறுங்கையால் செய்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். கப்பியில் வளையும் இடத்தில்தான் முதலில் அறும், அங்கே இரண்டு முறை உருவ வேண்டும். பழைய கிரீஸைத் துடைக்காமல் புதுசைத் தடவினால் மணலும் உப்பும் உள்ளேயே மாட்டிக்கொண்டு அரக்கும். போன வாடைக்காலத்தில் பின்பக்கத்து வடத்தில் துணி சிக்கியது. ஓர் இழைதான், ஆனாலும் நான்கு வடத்தையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். மதுரையிலிருந்து ஆள் வந்து ஒரு பகலில் முடித்தார். லிப்ட்டின் ஆயில் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். எங்களுக்கு ஒருமுறை மழைக்குப் பிறகு அப்படி ஆனது. ஸ்விட்ச் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கிறோம். மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டி வந்தது.

காக்கா இப்போது இன்னோவா நிற்கும் பக்கத்திலும் ஒன்று போடலாமா என்கிறார், மகனுக்கு வண்டி வாங்கப்போகிறாராம். கூரை உயரம் இருக்கிறது, அகலமும் ஒன்பதடி இருக்கிறது. அந்தப் பக்கத் தரை இன்னும் பழைய சிமெண்ட்தான், அதைத் தோண்டி எம் 30 போட்டு நன்றாக இறுகிய பிறகுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். காற்றில்லாத பங்குனியில் தரை வேலையை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்.