வேலையை விடும் முன் பேட்டன்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

கோவைப் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்ப்பவர்கள், அதிலும் வேறு இடத்துக்கு மாறலாம் என்று இருப்பவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். என் பழைய கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போர்வெல் மோட்டாரில் மணல் இறங்கி பேரிங் தேய்வது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. சர்வீசுக்கு வந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து, ஷாஃப்டில் மாட்டும் மணல் தடுப்பு வளையத்தின் விளிம்பை வேறு மாதிரி வரைந்தேன். லேத்தில் இருந்த அண்ணன் ஒருவர் ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று மாதிரி கடைந்து கொடுத்தார். டெஸ்டில் நன்றாக வந்தது. எம்.டி. கூப்பிட்டுப் பாராட்டினார். பேட்டன்ட் (காப்புரிமை) போடலாம், கிராண்ட் ஆனதும், அதாவது காப்புரிமை அலுவலகம் அதை வழங்கியதும், ஒரு தொகை உண்டு என்றார். ட்ராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், விளக்கம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

வேலை மாறிய பிறகு அந்தத் தொகையைக் கேட்டேன். "கிராண்ட் ஆகிற அன்னிக்கு ரோல்ல இருக்கிறவங்களுக்குத்தான் சார்" என்றார் எச்.ஆர். அப்படி ஒரு விதியை அதுவரை எவரும் காட்டியதில்லை. மனுப் போட்டு கிராண்ட் ஆக வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் பாதிப் பேர் வேலை மாறியிருப்பார்கள். இந்த விதி எதற்கு என்று நீங்களே யோசியுங்கள்.

பணம் போனால் போகட்டும். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் ஆவணத்தைத் திறந்தால், கண்டுபிடிப்பாளர்கள் என்று எம்.டி.யும், டிசைன் பக்கம் எட்டியே பார்க்காத அவர் மகனும்! உள்ளே இருப்பது என் ட்ராயிங். வரைந்தவர் பெயர் இருக்கும் கட்டத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பாகத்தை நான் நீக்கியதால் 7ஆம் எண் விடுபட்டிருந்தது. பேட்டன்டிலும் 6க்கு அடுத்து 8தான்.

சட்டம் இதுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 'கண்டுபிடிப்பு கம்பெனிக்கே சொந்தம்' என்று எழுதியிருந்தால் உரிமை பெரும்பாலும் அவர்களுக்குப் போய்விடும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பெயர் வேறு விஷயம். 1970 காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, கண்டுபிடித்தவர் பெயரைப் பேட்டன்டில் போடச் சொல்லிக் கேட்க வழி தருகிறது. அதை கிராண்ட் ஆவதற்கு முன்பே கேட்க வேண்டும். நான் பார்த்தபோது கிராண்ட் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு, கிராண்ட் வெளியான ஓராண்டுக்குள் எதிர்ப்பு மனு, அதுவும் போனால் உயர் நீதிமன்றத்தில் ரத்து வழக்கு. மாதச் சம்பளக்காரனால் வக்கீலுக்குக் கொடுத்து மாளாது.

பணத்துக்கு நம் சட்டத்தில் பிடியே இல்லை. ஜெர்மனியில் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்றே 1957லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய நகமுராவுக்கு, அவர் வேலை பார்த்த நிச்சியா கம்பெனி கொடுத்தது 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மறு வருடம் சமரசத்தில் 84 கோடி யென்னுக்கு முடிந்தது. இங்கிலாந்தில் யூனிலீவர் குழுமத்தில் வேலை பார்த்த ஷாங்க்ஸ், 1982இல் கண்டுபிடித்ததற்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய் 20 லட்சம் பவுண்டு வாங்கினார். இந்தியாவில் அப்படிக் கேட்க ஒரு பிரிவு கிடையாது. கம்பெனி எழுத்தில் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதனால் மனுப் போடும்போதே ஃபார்ம் 1 என்ற பேட்டன்ட் விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். கண்டுபிடிப்பாளர் பெயர்கள் அதில்தான் இருக்கும். தர மறுத்தால், சாதாரணமாக 18 மாதத்தில் மனு வெளியாகிவிடும். அப்போது இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் கிராண்ட் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். ட்ராயிங்கின் பழைய பதிப்புகள், மெயில்கள், தேதி போட்ட நோட்டு எதெல்லாம் கம்பெனியில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். ரகசிய ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதையே உங்கள் மேல் திருப்புவார்கள்.

கடைசி நாளில் செட்டில்மென்ட் தாளை நீட்டுவார்கள். எனக்கு நீட்டியதில் பி.எஃப்.புக்கும் கிராஜுவிட்டிக்கும் நடுவே, கண்டுபிடிப்பு சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. செக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த வரியை அடித்து, பக்கத்தில் இனிஷியல் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.