திருவொற்றியூரில் ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: கவுன்டரில் நின்றுகொண்டு புக்கிங்கை கேன்சல் செய்யாதீர்கள்

பௌர்ணமி அன்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். முந்தின நாளே மதுரையிலிருந்து வந்து பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தங்கை கல்யாணத்துக்குப் புடவையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். இதற்கெல்லாம் தி.நகரில் தங்கினால் அலைச்சல்தான் மிச்சம், அதனால் டோல்கேட் பக்கம் ஆப்பில் ஒரு லாட்ஜ் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1,700 ரூபாய், இரண்டு நாள், பணம் நேரில். வடசென்னையிலா தங்கப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். ஏரியாவைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, சென்ட்ரலில் ஏறினால் மாறாமல் தேரடியில் இறங்கிக் கோவிலுக்கு நடந்தே போகலாம்.

காலை 6.30-க்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் இருந்த ஆள் ரொம்ப அன்பாகப் பேசினான். "அக்கா, ஆப்புல வந்தா கமிஷன் புடிச்சுக்குவான். நீ அத்த கேன்சல் பண்ணிடு, கையில குடு, ஒரு நாளைக்கு இருநூறு கம்மி பண்ணிக்கறேன்." ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த அம்மா சோபாவில் சாய்ந்துவிட்டார். சரி என்று என் போனிலேயே கேன்சல் செய்து 3,000 ரூபாயைக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எக்கச்சக்கமாக வரும் என்றான். அது பொய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான ரூமுக்கு வரி 5 சதவீதம்தான், அதாவது 1,500 ரூபாய் ரூமுக்கு 75 ரூபாய். இது அப்போது எனக்குத் தெரியாமல் போனது.

பணத்தை உள்ளே வைத்த பிறகுதான், இங்கே ரூம் ஃபுல், பின்னாடி நம்ம இன்னொரு பில்டிங் இருக்கு, அங்கே 2,300 என்றான். கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்றால் என்ட்ரி போட்டாச்சாம். ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "நீங்களேதான் கேன்சல் செய்திருக்கிறீர்கள் மேடம்" என்று முடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் இன்னும் 1,600 கொடுத்தோம்.

அந்த பில்டிங் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று நின்று நகரும், ஒவ்வொன்றும் பிரேக் பிடிக்கும்போது புஸ்ஸென்று காற்று விடும், அதற்கு ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். குழாயில் துருவாடையோடு உப்புத் தண்ணீர். தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தால் மூலையில் வேறு ஏதோ ஊர் லாட்ஜின் பெயர் பச்சை நூலில் தைத்திருந்தது, பாதி எழுத்து பிய்ந்து. அதை போட்டோ எடுத்து வைத்தேன்.

மறுநாள் மேலூர் போய்விட்டு, அம்மா குளித்துவிட்டு வடிவுடையம்மனைப் பார்க்கலாம் என்று ரூமுக்கு வந்தோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே செக் அவுட் மதியம் 12 மணி, நேற்று காலை 6.30-இலிருந்து 12 வரைக்கும் ஒரு நாள், அப்புறம் இன்று 12 வரைக்கும் ஒரு நாள், ஆக இரண்டு நாளும் முடிந்ததாம். காலி செய்கிறோம் என்றதற்கு க்ளீனிங் 500 கொடுத்தால்தான் அம்மாவின் ஆதார் கார்டு என்றார்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வந்தது என் தப்பு. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அந்த பிரிண்டைக் கொடுங்கள், கார்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

500-ஐக் கொடுத்து கார்டை வாங்கினோம். இந்தத் தகராறில் உச்சி வேளை போயே போய்விட்டது. விரதம் இருந்த அம்மா தெருமுனை இட்லிக் கடை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கடை அக்கா தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "போன பௌர்ணமிக்கும் ஒரு குடும்பம் இங்க குந்தி அழுதுனு இருந்துச்சு" என்றார். பைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தேரடி பக்கம் தெரிந்த ஒரு இடத்தையும் சொன்னார். அங்கே 1,400 ரூபாய், முதலில் ரூமைத் திறந்து காட்டினார்கள், செக் இன் நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு, பில்லும் கொடுத்தார்கள். நீங்களும் பணத்தை எடுப்பதற்கு முன்னால் இந்த 12 மணியா 24 மணியா என்பதைக் கேட்டுவிடுங்கள். ஆப்பில் போட்ட புக்கிங்கை, ரூமுக்குள் பை வைத்த பிறகும்கூட, யார் என்ன குறைத்துத் தருகிறேன் என்றாலும் தொடாதீர்கள். அது இருந்திருந்தால் கஸ்டமர் கேரில் என்னிடம் அப்படிப் பேசியிருக்க முடியாது.

ஊருக்கு வந்ததும் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பில் இருக்கிறதா, புக்கிங் இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. அந்தத் தலையணை உறை போட்டோ மட்டும்தான் இருந்தது.