பிளானைப் பார்த்துத் தலையாட்டும் கிளையன்ட்டுகளும் ஓர் ஆறு வார ஆன்லைன் வகுப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கைக்காசு போட்டுப் படித்த வகுப்பு, யாரும் இலவசமாகக் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் திட்டவும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதுவும் இல்லாமல் இதே மாதிரி வகுப்புகள் இப்போது ஏகப்பட்டது ஓடுகின்றன, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாடத்திட்டம் ஒன்றுதான். டிசைன் கான்செப்ட்டைக் கிளையன்ட்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆர்க்கிடெக்ட்டுகளுக்குக் கற்றுக்கொடுப்பது. ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நேரலை, கூடவே பதிவு செய்த வீடியோக்கள், கடைசியில் நாமே ஒரு கான்செப்ட்டை எடுத்துக்கொண்டு பேச வேண்டும்.

நான் ஏன் போய்ச் சேர்ந்தேன் என்றால், ஒரு வீடு கட்டும் வேலையில் வாங்கிய அடி. கிளையன்ட் ஓர் அம்மா, அவருக்கு நாற்பது நிமிடம் விளக்கினேன். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் (வீட்டை மேலிருந்தும், குறுக்கே வெட்டியும், முன்னாலிருந்தும் காட்டும் வரைபடங்கள்), நிழல் எந்தப் பக்கம் விழும், எல்லாம். அந்த அம்மா ஒவ்வொரு ஷீட்டுக்கும் தலையாட்டினார், நடுவில் "நல்லா இருக்கு" என்றும் சொன்னார், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சுவர் இடுப்பளவு எழும்பியதும் சைட்டுக்கு வந்தார், ஹாலுக்கு நடுவில் நின்றார், இரண்டு பக்கமும் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஷீட்டில் 3.6 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அவரும் அதைப் படித்திருக்கிறார். ஆனால் 3.6 மீட்டர் என்றால் எத்தனை எட்டு நடக்கலாம், சோபாவைப் போட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்பதெல்லாம் அவர் மனதில் ஓடவே இல்லை, நானும் கேட்கவில்லை. பதினோரு வருடமாகத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

சரி, வகுப்புக்கு வருவோம். முதல் வாரம் கொஞ்சம் அவமானம். நம்முடைய பழைய புராஜெக்ட் ஒன்றை ஐந்து நிமிடம் விளக்கி, பதிவு செய்து, நாமே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் "ஸ்பேஸ்" என்ற சொல்லை நான் இருபத்து மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். "வால்யூம்" ஒன்பது. "டிரான்சிஷன்" ஆறு. அடுத்த பயிற்சி, இந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் அதே விளக்கத்தைத் திரும்பச் சொல்வது. வீட்டின் உள்ளுக்கும் வெளிக்குமான எல்லையைக் கரைக்கிறோம் என்று நான் பெருமையாகச் சொன்ன வாக்கியம், மூன்று தடவை அடித்துத் திருத்திய பிறகு, "காலையில் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மரம்தான், நடுவில் சுவர் எதுவும் வராது" என்று வந்து நின்றது. இது வேறு எங்கேயும் கிடைக்காத ஞானம் என்று சொல்ல மாட்டேன், போனில் பதிவு செய்து யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் யாராவது கட்டாயப்படுத்தாமல் நாம் செய்வோமா என்ன.

இரண்டாவது வாரம் "பார்த்தி" என்று ஒன்றைப் பற்றி. பாரிஸின் எக்கோல் தே போசார் என்ற கலைப் பள்ளியிலிருந்து வந்த சொல், ஒரு முடிவை எடுத்துக்கொள்வது என்ற பொருளில் வரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. கட்டிடத்தின் அடிப்படை யோசனையை ஒரே சின்னப் படத்தில் போட்டுவிடுவது. உள்ளங்கை அளவு தாள், தடித்த மார்க்கர், ஒரு நிமிடம். மெல்லிய பேனா கூடாது, கூர்மையாக வரைய முடிந்தால் உடனே ஜன்னல் போட ஆரம்பித்துவிடுவோம் என்பதற்காக. எனக்கு நான்கு தாள் வீணாயின. ஐந்தாவதில்தான் என்னுடைய டிசைனில் இரண்டு யோசனைகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்தது தெரிந்தது. விளக்க முடியவில்லை என்று இத்தனை நாளும் என் பேச்சைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், டிசைனே தெளிவாக இல்லை.

அந்த வாரத்தில் அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் கதை வந்தது, வராமல் இருக்குமா. ஃபாலிங்வாட்டர் வீடு. 1935 செப்டம்பரில் கிளையன்ட் காஃப்மன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துகொண்டிருக்கிறார், ரைட் அந்த இரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்து வரைந்து முடிக்கிறார், காஃப்மன் வந்ததும் வீட்டை முழுசாக விளக்குகிறார். வகுப்பு நடத்தியவர் இதைத் தன்னம்பிக்கைக்கு உதாரணமாகச் சொன்னார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ரைட் 1934 டிசம்பரிலேயே அந்த அருவியை நேரில் போய்ப் பார்த்துவிட்டார், பாறைகளும் மரங்களும் குறித்த சர்வே படம் மார்ச்சில் கைக்கு வந்துவிட்டது, மனதில் ஒன்பது மாதம் ஊறியதைத்தான் இரண்டு மணி நேரத்தில் தாளில் இறக்கினார். இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு முதல் நாள் ராத்திரி ஸ்லைடு தயாரிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், நானே அதில் ஒருவன். இருந்தாலும் கதையில் வேறொன்று பிடித்திருந்தது. அருவியைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி வீடு வரும் என்று நினைத்திருந்த ஆளிடம், அருவிக்கு மேலேயே வீடு என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அதற்கு எந்த வரிசையில் பேசினார் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு வாரப் பாடம் கிடைத்திருக்கும். விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, நான்காவது வாரங்களுக்காக மட்டுமே இந்த வகுப்பில் சேரலாம். ஆளுக்குப் புரிகிற அளவு என்பதுதான் இந்த இரண்டு வாரமும். பிளானில் சுவரை வெறும் இரட்டைக் கோடாக விடாமல் கறுப்பாக நிரப்பினால் பாதிப் பேருக்கு அங்கேயே பிளான் புரிந்துவிடும். எல்லா அறையிலும் சாமான் வரைய வேண்டும், அதுவும் கிளையன்ட்டின் சொந்தச் சாமான், அவருடைய கட்டிலை முதல் சந்திப்பிலேயே டேப் வைத்து அளந்து அதே அளவில். 1:100 அளவில், அதாவது நிஜத்தில் ஒரு மீட்டரைத் தாளில் ஒரு செ.மீ. ஆக வரைந்தால், ஒரு ஏ3 தாளில் 42 மீட்டர் நீளம் அடங்கிவிடும், அதனால் நாம் எல்லாரும் 1:100-ஐப் பிடித்துத் தொங்குகிறோம், ஆனால் 90 செ.மீ. கதவு அதில் 9 மில்லிமீட்டர், நகக்கண் அளவு. 1:50-க்குப் போனால் 18 மில்லிமீட்டர், அப்போதுதான் உள்ளே ஒரு ஆளை வரைந்து நிறுத்த முடியும். இதெல்லாம் நமக்குத் தெரியாததா என்று கேட்கலாம். தெரியும். வேலை நெருக்கடியில் செய்வதில்லை.

அப்புறம் அந்த டேப் விஷயம். ஒட்டுகிற டேப், பெயின்டர்கள் பயன்படுத்துவது. கிளையன்ட் உட்கார்ந்திருக்கிற அறையின் தரையிலேயே, சர்ச்சைக்குரிய அறையை உண்மை அளவில் ஒட்டிக் காட்டிவிடுவது. பத்து நிமிட வேலை. வகுப்பில் வீடியோ போட்டுக் காட்டினார்கள்: ஒருவர் டேப்புக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பின்னால் தள்ளி எழுந்திருக்கப் பார்க்கிறார், நாற்காலிக் கால் டேப்பைத் தாண்டிவிடுகிறது, அவரே சிரித்துக்கொண்டு "போதாது" என்கிறார். நான் இடுப்பளவு சுவர் எழுப்பிக் கற்றுக்கொண்ட பாடம், ஒரு டேப் சுருளில்.

மாடல் பற்றியும் நன்றாகச் சொன்னார்கள். வெள்ளை அட்டையில், நிறமே இல்லாமல், கூரையைத் தூக்கினால் வருகிற மாதிரி. மாடலைக் கிளையன்ட் மேலிருந்து குனிந்து பார்க்க விடக்கூடாது, மேஜை விளிம்புக்கு இழுத்துவைத்துக் கண் மட்டத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் பார்ப்பது கூரையைத்தான், அதை அவர் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. கான்செப்ட் கட்டத்தில் பளபளப்பான ரெண்டரிங், அதாவது போட்டோ மாதிரி கம்ப்யூட்டரில் செய்த படம், காட்டாதே என்பதிலும் விடாப்பிடியாக இருந்தார்கள். சரிதான். டைல் பளபளப்பு வரை காட்டிவிட்டால், டிசைன் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரைச்சீலை நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், படிக்கட்டு எங்கே வரலாம் என்கிற பேச்சே எழாது. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், வகுப்பில் இது இல்லை: ரெண்டரிங்கில் 18 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ் வைக்காதீர்கள். எந்தக் குச்சு அறையும் மண்டபம் மாதிரி தெரியும், கட்டி முடித்ததும் கிளையன்ட் நம்மை ஏமாற்றுக்காரன் மாதிரி பார்ப்பார். கேமராவை 1.6 மீட்டர் உயரத்தில், நின்றுகொண்டிருக்கிற ஆளின் கண் மட்டத்தில் வைத்தால் போதும்.

அழகான படம் சம்மதம் வாங்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கும் என்பதற்கு சிட்னி ஓபரா ஹவுஸை இழுத்தார்கள். அதை வடிவமைத்த உட்ஸன் 1957-இல் போட்டியில் ஜெயித்தபோது அந்தச் சிப்பி ஓடு போன்ற கூரைகளுக்கு உறுதியான ஜியோமெட்ரியே இல்லை. 1959-இல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் வந்தது. திறந்தது 1973. செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் ஆரம்பித்து 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. படத்தில் எது முடிவானது, எது இன்னும் யோசனை மட்டும் என்று ஒவ்வொரு ஷீட்டிலும் பென்சில் கோடு, மைக்கோடு என்று பிரித்துக் காட்டுங்கள் என்று இதிலிருந்து ஒரு பழக்கத்தைச் சொன்னார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் படு மோசம். ஸ்லைடு டெம்ப்ளேட் ஒரு மூட்டை, எந்த நிறத்துக்கு எந்த உணர்ச்சி என்று ஒரு பட்டியல், கைகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மணி நேரம். மூன்று ஆப்ஷன் கொடுங்கள், கிளையன்ட் தானே முடிவெடுத்த மாதிரி உணர்வார் என்று ஒரு உபதேசம் வேறு. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் ஆப்ஷனின் படிக்கட்டையும் மூன்றாவதின் கூரையையும் சேர்த்துக் கேட்பார்கள், நடுவில் இருப்பது நாம் ஒப்புக்குப் போட்டது என்பதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். பணப் பேச்சுக்கு மொத்தமே பன்னிரண்டு நிமிடம். கணவன் ஒன்று கேட்டு மனைவி வேறு கேட்டால் யாரைப் பார்த்துப் பேசுவது என்பதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோவுக்கும் அவருடைய கிளையன்ட் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் செலவுக் கணக்கில் சண்டை முற்றி கோர்ட் வரை போனதே, 1951-இல் முடிந்த அந்தக் கண்ணாடி வீட்டை இங்கேயும் படமாகக் காட்டினார்கள், கட்டிடம் எவ்வளவு தூய்மை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு குறை, சிறு குழுவாக இருக்கும், ஒவ்வொருவருக்கும் தனியாகக் கருத்துச் சொல்வோம் என்றார்கள். என் குழுவில் பதினாறு பேர். எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம், அதில் ஒரு நிமிடம் என் மைக் வேலை செய்யவில்லை. மெயில் போட்டேன், ஒன்பதாம் நாள் பதில் வந்தது, மன்னிப்பும் டெம்ப்ளேட்தான்.

ஆனால் ஆறாவது வாரம் எல்லாவற்றையும் மன்னிக்க வைத்துவிட்டது. கட்டிடத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கிளையன்ட்டாக உட்கார வைக்கிறார்கள். நாம் பேசி முடிக்கிறோம். "புரிந்ததா" என்று கேட்கக்கூடாது என்பது விதி. பிளானை அவர் கையில் கொடுத்து, நீங்கள் வேலை முடிந்து வருகிறீர்கள், பையோடு சமையலறைக்குப் போய்க் காட்டுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். என்னுடைய ஆள் இருபது நிமிடமும் தலையாட்டியவர். விரலை வாசலில் வைத்தார், கொஞ்ச தூரம் சரியாக வந்தார், அப்புறம் நிதானமாக ஜன்னல் வழியாக வெளியே போய், செடிகளைத் தாண்டி, சமையலறைச் சுவரில் முட்டி நின்றார். "இங்கே ஒரு கதவு இருக்கணுமே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அவர் மேல் தப்பில்லை, என்னுடைய ஜன்னல் கோடும் கதவுத் திறப்பும் ஒரே மாதிரி தெரிந்தன. அதோடு, அந்த இடத்தில் ஒரு கதவு இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு கிளையன்ட்டுகளிடம் இந்த விரல் நடையைச் செய்து பார்த்துவிட்டேன். ஒருவர் குளியலறைக்குப் போகப் படுக்கையறையைச் சுற்றி வந்தார், அங்கேயே பென்சிலால் கதவை மாற்றினோம், அந்த மாற்றத்துக்கு ஒரு செங்கல்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொருவர் சரியாக நடந்து முடித்துவிட்டு, "இது என்ன, பரீட்சையா?" என்று கேட்டார். அவரிடம் அடுத்த தடவை வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களைவிட, நான்கைந்து வேலை முடித்து ஒரு தடவையாவது சைட்டில் வசவு வாங்கியவர்களுக்கு இந்த வகுப்பு நன்றாக ஒட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இந்த மாதிரி எதில் சேருவதானாலும் குழுவில் எத்தனை பேர், கடைசிப் பயிற்சியில் எதிரில் உட்காருபவர் வெளி ஆளா, இல்லை சக மாணவரா என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் படித்ததில் வீடியோக்கள் 90 நாளில் மூடிவிடும், அதனால் மூன்றாவது, நான்காவது வாரங்களை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள், ஐந்தாவதைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.