கிளை ஸ்டென்ட் பொருத்த எந்த வழி: இடது கையா, வலது கையா, தொடையா?

பெருந்தமனி வீக்கம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழேயே நின்றுவிட்டால் தொடை வழி போதும். கையைத் தொடவே வேண்டாம். வீக்கம் மேலேறி, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் தமனிகளையும் வளைத்துக்கொண்டால்தான் கேள்வி வருகிறது. அதற்கான கிராஃப்டின் (பெருந்தமனிக்குள் வைக்கும் செயற்கைக் குழாய்) கிளைகள் பெரும்பாலும் கீழ்நோக்கித் திறந்திருக்கும். மேலிருந்து, அதாவது கை வழியாக, வரும் வயர் அவற்றுக்குள் சுலபமாக இறங்கும். ஆனால் அந்தப் பாதை மூளைக்குப் போகும் குழாய்களின் வாசலில் கிடக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் படிவு பெயர்ந்தாலும், ஷீத்துக்குள் (கருவிகளை நுழைக்கும் குழாய்) ரத்தம் உறைந்தாலும், காற்றுக்குமிழி நுழைந்தாலும் பக்கவாதம் வரலாம்.

இடது கையிலிருந்து போகும் ஷீத் இரண்டு கரோட்டிட் (மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி) வாய்களையும் தாண்டத் தேவையில்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் இடது வெர்டிப்ரல் தமனி மட்டும் வழியில் இருக்கும். வலது கையில் மருத்துவர் நிற்க வசதி, கதிர்வீச்சும் குறையலாம். ஆனால் வலது கரோட்டிட் பிரியும் இடத்தைக் கடந்து, பெருந்தமனி வளைவின் குறுக்கே இடது கரோட்டிட் வாயையும் உரசிப் போக வேண்டும். இரு கைகளுக்கும் இடையே பக்கவாத வித்தியாசம் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எங்கள் கணிப்பில், எந்தப் பக்கம் என்பதைவிட வளைவின் சுவர் எப்படியிருக்கிறது என்பதே பெரிது. சி.டி.யில் சுவர் கரடுமுரடாக, படிவு தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டு கையும் வேண்டாம். இடது மார்புத் தமனியைக் கொண்டு இதய பைபாஸ் செய்தவருக்கு இடது ஷீத் இதயத்தின் ரத்தத்தையே மறிக்கலாம். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையையும் விட்டுவிட வேண்டும்.

12 பிரெஞ்ச் (குழாய் விட்டத்தின் அளவு) ஷீத்தின் உள்விட்டமே 4 மி.மீ.; வெளிவிட்டம் இன்னும் அதிகம். முழங்கைக்கு மேலுள்ள தமனியும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே அங்கே ஊசியால் குத்தி நுழைவதைவிடத் தோலைத் திறந்து தமனியைக் கண்ணால் பார்த்து வைப்பது, அல்லது அக்குள் தமனிக்குப் போவது நல்லது. பின்னர் விரல் மரத்தால் காத்திருக்கக் கூடாது: உள்ளே கட்டும் ரத்தம் நரம்பை நசுக்கும்.

தொடை வழியில், நுனி வளையும் ஷீத்தின் கைப்பிடியைத் திருகினால் அது ஏறக்குறைய 180 டிகிரி திரும்பிக் கிளையைப் பார்க்கும். கிளையை இலக்குத் தமனியோடு இணைக்கும் ஸ்டென்டைத் தள்ளும்போது அந்த வளைவு நிமிர்ந்து, வயர் வெளியே விழுவதுதான் வழக்கமான தொல்லை. விறைப்பான வயரை இலக்குத் தமனிக்குள் ஆழமாக வைத்த பிறகே தள்ள வேண்டும். பெருந்தமனியின் உள்வெளி குறுகலாக இருந்தால் ஷீத் வளையவே இடம் கிடைக்காது. இரு தொடைகளிலும் ஷீத் நீண்ட நேரம் அடைத்திருந்தால் கால்களுக்கும் தண்டுவடத்துக்கும் ஆபத்து. முக்கிய கிராஃப்டைத் தாங்கும் வயரின் நுனி பெருந்தமனி வளைவு வரை போவதால், இந்த வழியிலும் பக்கவாத ஆபத்து பூஜ்யமில்லை.

வளைவு சுத்தமாக இருந்தாலும் முதல் தேர்வு தொடைதான். அது முடியாதபோது இடது கை. வலது கை கடைசி. கை வழி எடுத்தால், வயர் வளைவைத் தொடும் முன்பே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 250 நொடிக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவி மாற்றத்துக்குப் பிறகும் ஷீத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, பிறகே உப்புநீர் செலுத்த வேண்டும். கடைசிக் கிளை முடிந்ததும் ஷீத்தை உடனே எடுத்துவிடுங்கள்.