வாட்ஸ்அப் குழுவா, சமுதாய வானொலியா: தெருப் பாதுகாப்புக்கு எது கைகொடுக்கும்?

நகைப் பறிப்பும் பைக் திருட்டும் அதிகமானபோது, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மூன்று யோசனைகள் வந்தன. தெருமுனையில் கேமரா, இன்ஸ்பெக்டரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு, பக்கத்துக் கல்லூரியின் சமுதாய வானொலியில் (சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும் சிறிய எஃப்.எம். நிலையம்) போலீசாரோடு வாராந்திர நிகழ்ச்சி. நான் வானொலிக் கட்சி. அதற்குத்தான் கடைசியில் மெனக்கெட்டோம்.

கேமராவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடந்ததைக் காட்டிக்கொடுக்கும், கேஸுக்கு உதவும். பழுதானால் யார் காசு போடுவது என்பதில்தான் சண்டை. இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பின் வேகத்தை வேறு எதுவும் நெருங்க முடியாது. காணாமல் போன வண்டியின் நம்பரைப் போட்டால் அடுத்த நிமிடம் ஊரே பார்த்துவிடும். ஆனால் பொய்க்கும் அதே வேகம்தான். 2018 மே மாதம், வடமாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்துகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த ஒரு வயதான பெண்ணை ஊர்க் கூட்டம் அடித்தே கொன்றது. கோயிலுக்குப் போக சென்னையிலிருந்து வந்தவர் அவர். அதன் பிறகுதான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: சொன்னதற்கு யார் பொறுப்பு? குழுவில் 'வந்ததை அனுப்பினேன்' என்று எல்லோரும் கழன்றுகொள்ளலாம். வானொலியில் அது நடக்காது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது உரிம விதி. பேசியவர் யார், என்ன பேசினார் என்பது பதிவில் இருக்கும்.

அதனால் எழுதும்போதே ஒரு நிதானம் வந்துவிடுகிறது. முகவரி கேட்பதுபோல் வண்டியை நிறுத்திச் சங்கிலியை அறுப்பவர்களைப் பற்றி ஒரு பகுதி தயாரித்தோம். எங்கள் ஆள் ஒருவர், 'பார்த்தால் வடநாட்டுக்காரன் மாதிரி இருப்பார்கள்' என்று எழுதிக்கொண்டு வந்தார். நிகழ்ச்சி பார்க்கும் பெண் எஸ்.ஐ. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, 'ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசுவார்கள், வண்டியை ஆஃப் செய்ய மாட்டார்கள்' என்று எழுதினார். வீட்டு வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கு உபயோகமான தகவல் இதுதானே? குழுவில் என்றால் முதல் வரிதான் ஓடியிருக்கும்.

வானொலிக்கும் குறைகள் உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். காலையில் நடந்த திருட்டைப் பத்து மணிக்குச் செய்தியாகச் சொல்ல வழியில்லை. டிரான்ஸ்மிட்டரின் சக்தியும் பொதுவாக 100 வாட்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல். பல புதுப் போன்களில் எஃப்.எம். வசதியே கிடையாது. இளவட்டங்கள் கேட்கிறார்களா என்றால், குறைவுதான். சமையலறையிலும் தையல் கடையிலும் வானொலி ஓடுகிறது. போன் போட்டுப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அங்கே கேட்கிறவர்களே. போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்கள், பெயர் சொல்லாமல் எஸ்.ஐ.யிடம் சந்தேகம் கேட்டுவிடுகிறார்கள். ஆன்லைனில் பண மோசடி நடந்தால் உடனே 1930க்கு அழையுங்கள், போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று வாராவாரம் சலிக்காமல் சொல்லவும் இதுதான் தோது.

திருட்டு இதனால் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரோந்தும் கூடியிருக்கிறது, கேமராவும் வந்திருக்கிறது. தகவல் சொல்ல முன்வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அது கண்ணுக்குத் தெரிகிறது.

வாட்ஸ்அப் குழுவை நாங்கள் மூடவில்லை. அட்மின் மட்டுமே பதிவிடும்படி மாற்றி, வண்டி நம்பருக்கும் காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்புக்கும் வைத்திருக்கிறோம். நீங்களும் வானொலிப் பக்கம் போவதானால், இன்ஸ்பெக்டரை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீர்கள். அவர் மாறுதலில் போய்விட்டால் நிகழ்ச்சி அந்தரத்தில் நிற்கும். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பேரையாவது மைக்குக்குப் பழக்கி வையுங்கள்.